எழுவாயும் பயனிலையும்: நன்னூல் வழியே ஓர் ஆங்கிலப் பாடம்

முன்னுரை

ஐதராபாத்தில் குடியேறிய நம் குடும்பங்களில், பிள்ளை நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ எட்டியதும் ஒரு பேச்சு வந்துவிடுகிறது. "இஸ் போட வேண்டிய இடத்துல ஆர் போடறான். ஆர் போட வேண்டிய இடத்துல இஸ் போடறான். வீட்ல தமிழ் பேசறதுதான் காரணம்னு டீச்சர் சொல்றாங்க. இனிமே வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசிடலாம்னு இருக்கோம்." இந்தப் பேச்சைப் பல வீடுகளில் நான் கேட்டிருக்கிறேன். சில வீடுகளில் பேச்சோடு நிற்கவில்லை, தமிழையே நிறுத்திவிட்டார்கள். பாட்டி ஊரிலிருந்து வந்தால் பேரனிடம் பேச ஆள் வேண்டியிருக்கிறது.

ஒரு குற்றச்சாட்டின் பேரில் ஒரு மொழியை வீட்டைவிட்டு அனுப்புகிறோம் என்றால், அந்தக் குற்றச்சாட்டை ஒரு முறையாவது விசாரிக்க வேண்டாமா? அதுவே இக்கட்டுரையின் நோக்கம். நான் கல்லூரியில் தமிழ் படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, பாலாநகரில் போல்ட்டு, நட்டு, பேரிங் விற்பவன். கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் நன்னூலையும் தொல்காப்பியத்தையும் உரைகளோடு படித்துவந்தவன். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் எங்கள் சமண சமயத்தவர் என்பதால் முதலில் அந்நூலைக் கையில் எடுத்தேன். பிறகு நூலுக்காகவே படித்தேன். அந்தப் படிப்பைக் கொண்டே இந்த வழக்கை ஆராய்கிறேன்.

விகுதியில் யார் பணக்காரர்?

எழுவாய்க்குத் தக்கபடி பயனிலை முடிய வேண்டும் என்பது தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பொது விதி. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தை ஆரம்பிக்கும் இடமே இதுதான். கிளவியாக்கம் என்ற முதல் இயலில் உயர்திணை, அஃறிணை என்று பொருள்களை இரண்டாகப் பிரித்து, ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என ஐந்து பால் வகுத்து, வினையின் கடைசி எழுத்தைக் கொண்டே பாலை அறியலாம் என்று காட்டிவிடுகிறார். நன்னூலார் இதைச் சொல்லதிகாரத்தின் மூன்றாம் இயலான பொதுவியலில் வைத்து, திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்ற ஏழும் தடுமாறினால் வழு என்கிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வந்தேன், வந்தோம், வந்தாய், வந்தீர்கள், வந்தான், வந்தாள், வந்தார், வந்தார்கள், வந்தது, வந்தன. பத்து முடிவுகள். இதே இறந்தகாலத்துக்கு ஆங்கிலத்தில் 'கேம்' என்ற ஒரே சொல். நிகழ்காலத்தில் மட்டும் 'கம்', 'கம்ஸ்' என்று இரண்டு. 'பீ' என்ற வினைக்கு ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் என ஐந்து. 'ஹாவ்', 'ஹாஸ்' என்றும் 'டூ', 'டஸ்' என்றும் இரண்டு ஜோடி. ஆங்கிலத்தின் மொத்த இருப்பு ஏறக்குறைய இவ்வளவுதான். இவற்றில் பலவற்றை மூன்று வயதில் தடுமாறாமல் சொல்லும் தமிழ்க் குழந்தை, பத்து வயதில் ஒரே ஒரு 'ஸ்' முன்னால் தடுமாறுகிறது என்றால், கோளாறு வேறெங்கோ இருக்க வேண்டும்.

அந்த 'ஸ்' எல்லாரையும் படுத்துகிறது. சீன மொழியில் வினைக்கு இப்படிப்பட்ட விகுதியே கிடையாது. சீனர்கள் ஆங்கிலம் பேசும்போது 'ஸ்'ஸை விட்டுவிடுகிறார்கள். நம் மொழியில் விகுதி நிறைய உண்டு. நம் பிள்ளைகளும் விட்டுவிடுகிறார்கள். இல்லாதவனும் விடுகிறான், இருக்கிறவனும் விடுகிறான் என்றால் தாய்மொழியை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளை ஆராய்ந்த ரோஜர் பிரவுன், 1973இல் வெளியிட்ட நூலில், பெயர்ச்சொல்லில் வரும் பன்மை 'ஸ்'ஸைவிட வினையில் வரும் இந்த 'ஸ்' பிந்தியே குழந்தைக்கு வசமாகிறது என்று காட்டியிருக்கிறார். ஒலி ஒன்றே, ஆனாலும் பிந்துகிறது. 'ஹீ' என்ற எழுவாயே யார் என்பதைச் சொல்லிவிட்ட பிறகு, வினை அதை இன்னொரு தடவை சொல்ல வேண்டிய அவசியம் குறைவு. அவசியம் குறைந்த பொருள் கைநழுவுவது இயற்கை.

டீச்சர் சொல்வதில் நியாயம் உள்ள இடங்கள்

விசாரணை என்று வந்தால் எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். தமிழ் நம் பிள்ளைகளைத் தவறான வழியில் இழுக்கும் இடங்கள் சில உண்டு. அவற்றை மறைத்துத் தமிழைப் புகழ்வது தமிழுக்குச் செய்யும் தொண்டு ஆகாது.

முதலாவது, 'எல்லாரும்'. நாம் "எல்லாரும் வந்தாங்க" என்று பன்மையில் முடிக்கிறோம். ஆங்கிலத்தில் 'எவ்ரிபடி' என்பது ஒருமை. 'எவ்ரிபடி ஹாஸ் கம்' என்றே வர வேண்டும். நம் பிள்ளை 'ஹாவ்' போடுவான்.

இரண்டாவது, சரக்கு. "சரக்கு வந்துடுச்சு" என்று நமக்கு ஒருமை. ஆங்கிலத்தில் 'கூட்ஸ்' எப்போதும் பன்மை. பாலாநகர் தொழிற்பேட்டையிலிருந்து போகும் கடிதங்களில் 'கூட்ஸ் ஹாஸ் பீன் சென்ட்' என்ற வாக்கியம் அடிக்கடி கண்ணில் படும். கத்தரிக்கோலும் அப்படியே, நமக்கு அது ஒன்று, அவர்களுக்கு 'ஸிஸர்ஸ்' பன்மை. செய்தி இதற்கு நேர்மாறு: நாம் "செய்திகள்" என்கிறோம், 'நியூஸ்' அவர்களுக்கு ஒருமை.

மூன்றாவது முக்கியமானது. பேச்சுத் தமிழில் பலவின்பால் வினை ஏறக்குறைய மறைந்துவிட்டது. "பஸ்ஸெல்லாம் நிக்குது", "மாடுங்க வருது" என்கிறோம். பெயர் பன்மை, வினை ஒருமை. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிற பிள்ளை 'பஸ்ஸஸ் இஸ் ஸ்டாண்டிங்' என்றுதான் எழுதுவான். இங்கே டீச்சர் சொல்வது சரி.

ஆனால் மருந்து என்ன? தமிழை நிறுத்துவதா? எழுத்துத் தமிழில் பேருந்துகள் நிற்கின்றன, மாடுகள் வருகின்றன. தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்த 'அன' பழக்கமாகிவிடும். அவனிடம் "நிற்கின்றன என்று வந்தால் ஆர், நிற்கிறது என்று வந்தால் இஸ்" என்று சொன்னால் போதும். தெலுங்கோ பேச்சிலேயே இதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நம் தெருவில் 'பஸ்ஸு வஸ்துந்தி', 'பஸ்ஸுலு வஸ்துன்னாயி' என்று ஒருமை பன்மை பிசகாமல் பேசுகிறார்கள். ஆக, பிழைக்குக் காரணம் பாதித் தமிழ். பேச்சளவில் நின்றுபோன தமிழ். அதற்கு மருந்து முழுத் தமிழ்.

தமிழ் கைகொடுக்கும் இடங்கள்

இனி நம் தரப்பு. ஐதராபாத் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவரும் ரென்–மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தில் எழுவாய்–வினை இயைபுக்குத் தனி அதிகாரமே இருக்கிறது. விதி, அதன்கீழ் உதாரணம், பிறகு பயிற்சி என்ற முறை. நல்ல புத்தகம், சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு விதியும் தனித்தனியாக நிற்கிறது. பிள்ளைகள் இருபது விதியையும் உருப்போட்டு, பரீட்சையில் எந்த விதி எங்கே என்று தேடுகிறார்கள். நம் பிள்ளைக்கு அவற்றில் பாதியை இரண்டே கேள்விகளில் அடக்கிவிடலாம்.

முதல் கேள்வி: "தமிழில் சொன்னால் கடைசியில் நிற்கும் பெயர் எது?" 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் இஸ்' என்பதா, 'ஆர்' என்பதா? ஆங்கிலத்தில் 'ஃபிரெண்ட்ஸ்' என்ற பன்மை வினைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஏமாற்றுகிறது. அருகில் இருப்பதைப் பார்த்து ஏமாறாதே என்று அந்தப் புத்தகமும் எச்சரிக்கிறது. தமிழில் சொல்லிப் பாருங்கள்: "என் நண்பர்களில் ஒருவன்." அடை முன்னே போய்விட்டது; உண்மையான எழுவாய் வினையை ஒட்டி நிற்கிறது. ஒருவன் என்றால் 'இஸ்'. போல்ட்டுப் பெட்டி கனமாக இருக்கிறது என்றால் 'தி பாக்ஸ் ஆஃப் போல்ட்ஸ் இஸ் ஹெவி'. கல்லூரி படித்தவர்களும் சறுக்குகிற ஓர் இடம் உண்டு: 'எ நம்பர் ஆஃப் கஸ்டமர்ஸ்', 'தி நம்பர் ஆஃப் கஸ்டமர்ஸ்'. முன்னது "பல வாடிக்கையாளர்கள்", ஆகவே 'ஆர்'. பின்னது "வாடிக்கையாளர்களின் எண்ணிக்கை", ஆகவே 'இஸ்'. தமிழாக்கினவுடன் விடை கையில் வந்துவிடுகிறது.

இரண்டாம் கேள்வி: "அந்தப் பெயர் வேற்றுமை உருபு ஏற்றிருக்கிறதா?" எழுவாய் என்பது உருபு ஏற்காமல் நிற்கும் முதல் வேற்றுமை. "தம்பி பெரியப்பாவோட வர்றான்." பெரியப்பா 'ஓடு' உருபு ஏற்றுவிட்டதால் எழுவாய் ஆக முடியாது, எழுவாய் தம்பி மட்டும். ஆகவே 'அலாங் வித்' என்று வந்தால் ஒருமை. "தம்பியும் பெரியப்பாவும் வர்றாங்க." இங்கே எண்ணும்மை, இருவருமே எழுவாய். ஆகவே 'அண்ட்' என்று வந்தால் பன்மை. வேற்றுமையில் மூன்றாவதைப் படித்த பிள்ளைக்கு இது புது விதியே அல்ல.

இன்னொன்று சொல்ல வேண்டும். 'ஹீ டஸ் நாட் கம்ஸ்' என்று எழுதாத பிள்ளை அபூர்வம். அவனிடம் "அவன் வரமாட்டான்" என்று சொல்லச் சொல்லுங்கள். விகுதி 'மாட்டான்' என்பதில் இருக்கிறது. 'வர' என்பது வெறுமனே நிற்கிறது. "வருவான் மாட்டான்" என்று யாராவது சொல்வார்களா? அதே போல 'டஸ்' விகுதியை வாங்கிக்கொண்டது. 'கம்' வெறுமனே நிற்க வேண்டும். பொருளில் இரண்டும் சற்று வேறு. வாக்கியத்தின் கட்டு ஒன்று.

அடுத்து, நன்னூலில் பால்பகா அஃறிணைப் பெயர் என்று ஒரு பகுதி. மாடு வந்தது, மாடு வந்தன. பெயர் மாறாது, ஒன்றா பலவா என்பதை வினைதான் சொல்லும். 'ஷீப் இஸ்', 'ஷீப் ஆர்' என்று ஆங்கிலப் பிள்ளை விதிவிலக்காக மனப்பாடம் செய்வதை நன்னூல் படித்த பிள்ளை பொதுவிதியாகவே அறிந்திருப்பான்.

வழுவும் வழுவமைதியும்

இதுவரை சொன்னவை பரீட்சைக்கு உதவும். இனிச் சொல்வது அதற்கும் மேலே. நம் இலக்கணிகள் பிழையைப் பார்த்த பார்வையே தனி.

வழாநிலை, வழு என்ற இரண்டோடு அவர்கள் நிற்கவில்லை. மூன்றாவதாக வழுவமைதி என்று ஒன்றை வைத்தார்கள். இலக்கணப்படி பிழை, ஆனால் தக்க காரணத்தோடு சான்றோர் வழக்கில் நிலைத்துவிட்டது, ஆகவே ஏற்றுக்கொள்வோம் என்பது இதன் பொருள். மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, கோபம், இழிவு ஆகிய ஐந்து காரணங்களால் பாலும் திணையும் மாறி வரலாம் என்று நன்னூலார் பட்டியல் தருகிறார். பசு வீட்டுக்குத் திரும்பினால் "எங்க லட்சுமி வந்துட்டா" என்கிறோம். திணை வழுதான், ஆனால் பிரியத்தால் வந்த வழு.

ஒரே ஒருவரை 'அவர் வந்தார்' என்று பன்மையில் சொல்வது பற்றித் தொல்காப்பியர் கூறுவது மிக நேர்மையானது. இது வழக்கில் உயர்வு பற்றி வந்தது. கறாரான இலக்கண முறை அன்று என்கிறார். இல்லை என்று மறுக்கவும் இல்லை, இதுதான் இலக்கணம் என்று மழுப்பவும் இல்லை. வழக்கு வேறு, விதி வேறு என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்.

இதை ஆங்கிலத்தோடு ஒப்பிடுங்கள். 'யூ' என்பது ஆதியில் பன்மை. ஒருவரை மரியாதையாகப் பன்மையில் அழைக்கப்போய், பழைய ஒருமைச் சொல்லான 'தௌ' வழக்கிழந்தது. ஒரே ஆளிடம் 'யூ ஆர்' என்று இன்றும் பன்மை வினை சொல்வது அதனால்தான். நம் 'நீங்கள்' கதையே அது. நடுவில் 'யூ வாஸ்' என்று ஒருமைக்கு ஒருமை வினை போட்டுப் பேசியவர்கள் இங்கிலாந்தில் நிறையப் பேர். 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லௌத் பாதிரியார் அதைப் பெரும்பிழை என்று கண்டித்தார். கண்டிப்பு ஜெயித்தது, காரணம் பலருக்குத் தெரியாமல் போயிற்று. தொல்காப்பியர் போல் "இது உயர்வு பற்றி வந்த பன்மை" என்று ஒரு வரி சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெளிவு!

இன்னும் அண்மைச் செய்தி ஒன்று. ஆணா பெண்ணா என்று குறிக்காமல் ஒருவரைச் சொல்ல ஆங்கிலத்தில் 'தே' என்ற பன்மைச் சொல் ஒருமைக்கும் வழங்குகிறது. மெரியம்–வெப்ஸ்டர் அகராதி 2019இல் இந்தச் சொல்லையே ஆண்டின் சொல்லாக அறிவித்தது. இதைப் பற்றி அங்கே பெரிய வாதம் நடக்கிறது. நம்மிடம் 'ஒருவர்' இருக்கிறது. பொருளில் ஒருமை, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, முடிவு மட்டும் பன்மை. தொல்காப்பியரும் நன்னூலாரும் இதற்குத் தனி விதி செய்து அமைதியாக இடம் ஒதுக்கிவிட்டார்கள்.

காலத்தோடு விதியைத் திருத்திக்கொள்ளவும் நம்மவர் தயங்கவில்லை. எல்லாப் பாலுக்கும் எல்லா இடத்துக்கும் பொதுவான வினைகளைத் தொல்காப்பியர் சொல்லும் இடத்தில் 'இல்லை'யும் 'வேறு'ம் இருக்கின்றன. 'உண்டு' அங்கே சேரவில்லை. நன்னூலார் காலத்தில் 'உண்டு'ம் பொதுவாகிவிட்டதால் அதையும் சேர்த்து விதி செய்தார். வழக்கு மாறியதைக் கண்டு எழுதுகோலை மாற்றிய இந்தத் துணிவுதான் அவரிடம் எனக்குப் பிடித்த குணம்.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். பல வகை எழுவாய்கள் கலந்து வந்தால் வினை யாரோடு சேரும்? 'ஆர்' என்ற 'அல்லது' பொருளில் வரும்போது, பக்கத்தில் இருப்பவரோடு சேர் என்கிறது ஆங்கிலம். உயர்திணையும் அஃறிணையும் கலந்து வரும்போது, சிறப்பு, மிகுதி, இழிவு பார்த்து ஒரு முடிவு கொடு என்கிறது நன்னூல். ஒன்று வரிசையில் முன்னால் நிற்பவனுக்குச் சரக்குக் கொடுக்கும் முறை. மற்றது தராசில் நிறுத்துக் கொடுக்கும் முறை. ஆங்கில முறை பின்பற்றச் சுலபம். நம் முறைக்கு யோசனை வேண்டும். எது உசத்தி என்ற வாதம் வேண்டாம். இரண்டையும் அறிந்த பிள்ளைக்கு மொழி என்றால் என்ன என்று புரியும்.

நம் பக்கத்துக் குறை

நம் குறையையும் சொல்லாவிட்டால் இது விமர்சனம் ஆகாது. நன்னூலை நாம் சூத்திரமாக ஒப்பித்தோம். பேச்சோடு ஒட்டிக் கற்பிக்கவில்லை. பொதுவியலைப் பரீட்சைக்கு வராத பகுதி என்று தள்ளியவர்கள் உண்டு. 'எங்கள் இலக்கணத்தில் இல்லாதது இல்லை' என்று மேடையில் முழங்கிவிட்டு, வீட்டில் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக்கூடத் தெரியாமல் விட்டவர்களும் உண்டு.

ஐதராபாத்துப் பிள்ளைகள் "அக்கா வந்துச்சு" என்றால் உடனே திட்டுகிறோம். தெலுங்கில் ஒருமையில் 'ஆமெ வச்சிந்தி', 'அதி வச்சிந்தி' என்று பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒரே முடிவு. பன்மைக்குப் போனால்தான் பெண்கள் 'வச்சாரு' என்று மனிதரோடு சேர்வார்கள். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இந்த வேற்றுமையை எடுத்துப் பேசுகிறார். நம் ஊரிலேயே சில பகுதிகளில் அக்கா 'வந்துச்சு' என்பது பாசத்தோடு வருகிற வழக்கு. மலையாளத்தில் நான், அவன், அவள் எல்லாருக்கும் 'வந்நு' ஒன்றே. பழைய விகுதிகள் உதிர்ந்துவிட்டன. அதனால் மலையாளிக்கு அறிவு குறைந்தா போயிற்று? ஆகவே பிள்ளையைத் திட்டாமல், "தெலுங்குல அப்படி, தமிழ்ல 'வந்தா', இங்கிலீஷ்ல ஆணுக்கும் பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒரே 'ஸ்'" என்று மூன்றையும் வரிசையாக வைத்துக் காட்டலாம். அவனுக்கு அது விளையாட்டாக இருக்கும்.

முடிவுரை

இயைபுப் பிழைக்குத் தமிழ் காரணம் என்ற குற்றச்சாட்டில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. அந்த ஒரு பங்கும் எழுத்தறியாத பேச்சுத் தமிழால் வருவது. மீதிக்கு ஆங்கிலத்தின் சொந்தக் கோணல்களே பொறுப்பு. அவற்றைக் கடக்கவும் தமிழே பல இடங்களில் ஊன்றுகோல் தருகிறது.

எனவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, யார் சொன்னாலும் வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள். இரண்டு, பேச்சோடு விடாமல் எழுத்தும் படிக்கவையுங்கள். தினம் ஒரு பக்கம் போதும். மூன்று, நம் சங்கம் ஞாயிறு வகுப்பு நடத்துமானால், பிள்ளைகள் தங்கள் ஆங்கில நோட்டையும் கொண்டு வரட்டும். சிவப்பு மையில் சுழித்த வாக்கியங்களை எடுத்து, பக்கத்தில் தமிழ் வாக்கியம் எழுதி, எழுவாய் எது, உருபு ஏற்றது எது, வினையின் விகுதி எது என்று அடிக்கோடு இடச் சொல்லுங்கள். மதிப்பெண்ணும் கூடும், தமிழும் தங்கும். பவணந்தியாரின் பொதுவியலை அந்த வகுப்பில் நடத்த ஆள் வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமை என் கடைக்கு விடுமுறைதான்.